19ஆம் நூற்றாண்டுப் பெண்கள் வரைந்த முறையில் ஒரு மலையை வரைவோம், வாங்க

குன்னூரிலிருந்து டால்ஃபின்ஸ் நோஸ் போகும் வழியில் லேடி கேனிங்ஸ் சீட் என்று ஒரு இடம் உண்டு. வண்டிகள் பெரும்பாலும் நிற்பதில்லை, நின்றாலும் இரண்டு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பெயருக்குரிய சார்லட் கேனிங், கவர்னர் ஜெனரல் கேனிங்கின் மனைவி. 1858இல் சில மாதங்கள் நீலகிரியில் தங்கியிருந்தார், போன இடமெல்லாம் வரைந்தார். 1856இல் இந்தியாவுக்கு வந்தவர் 1861 நவம்பரில் கல்கத்தாவில் காய்ச்சலில் இறந்துபோனார், அப்போது வயது 44. அவர் வரைந்த நீர்வண்ணப் படங்களில் 350 அளவில் இன்றும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. எந்த ஓவியக் கல்லூரியிலும் அவர் படித்ததில்லை.

அவர் காலத்துப் பெண்கள் வரைந்த அதே முறையில் நீங்களும் ஒரு காட்சியை வரைந்து முடிக்க வழி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஆறு வருஷமாக இப்படித்தான் வரைகிறேன். வீடியோ பார்த்துக் கற்றதைவிட அந்தப் பழைய படங்களைத் திரையில் பெரிதாக்கி, பென்சில் கோடு எங்கே ஓடுகிறது, வண்ணம் எங்கே நின்றுவிட்டது என்று பார்த்துக் கற்றதுதான் எனக்கு அதிகம்.

முறையைச் சொல்வதற்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால்தான் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். லண்டனில் ஓவியர்களின் பெரிய அமைப்பான ராயல் அகாடமியை 1768இல் தொடங்கியவர்களில் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு 1936இல் லாரா நைட் வரும்வரை ஒரு பெண்ணைக்கூட முழு உறுப்பினராக எடுக்கவில்லை. அகாடமியின் பள்ளியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று 1859இல் 38 பெண்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். அடுத்த வருஷம் லாரா ஹெர்ஃபோர்ட் என்பவர் தன் படங்களில் பெயருக்குப் பதிலாக வெறும் இனிஷியல் போட்டு அனுப்பினார், அவர்களும் ஆண் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த பிறகும், ஆடையில்லாத மாடலை வைத்து வரையும் வகுப்பு 1893 வரை பெண்களுக்கு மூடியே கிடந்தது. மனித உடலைப் படிக்காதவர் வரலாற்றுக் காட்சிகளையும் புராணக் காட்சிகளையும் வரைய முடியாது, பெரிய மரியாதை எல்லாம் அந்தப் படங்களுக்குத்தான் கிடைத்தது. மலையும் மரமும் ஆறும் மட்டும் யாரும் பூட்டிவைக்க முடியாதவையாக இருந்தன.

சரி, வெளியே போய் வரையலாம், ஆனால் நேரம் ஏது? விருந்தாளிகள் இருப்பார்கள், குழந்தைகள் இருப்பார்கள், தனியாகப் போனால் பேச்சு வரும் என்று துணைக்கு ஒருவர் கூடவே இருப்பார். அதனால்தான் அவர்கள் வேலை மடியில் அடங்கும் அளவு, சீக்கிரம் காய்ந்துவிடும் வண்ணம், அங்கே பாதி, வீட்டில் பாதி என்று அமைந்தது. சமையலை முடித்துவிட்டு, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு, திரும்ப அழைத்து வருவதற்குள் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் வரைய நினைக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆண்களும் தாராளமாக வரையலாம்.

முதல் வாரம் பென்சிலைத் தொடாதீர்கள்

படங்களைப் பாருங்கள். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், ராயல் கலெக்‌ஷன், கியூ தாவரவியல் பூங்கா எல்லாமே தங்கள் தொகுப்பில் நிறையப் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கொடுத்திருக்கின்றன. தேடும்போது ஒரு சிக்கல் வரும், பெண்களின் பெயர் கல்யாணத்தோடு மாறிவிடும். மரியா டண்டாஸ் என்ற பெண் மரியா கிரஹாம் ஆனார், இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு மரியா கால்காட் ஆனார். பார்பரா லீ ஸ்மித் என்று தேடினால் பாதிதான் கிடைக்கும், பார்பரா போடிஷோன் என்றும் தேட வேண்டும். பட்டம் வந்தால் இன்னும் மோசம். நீர்வண்ண ஓவியர் தாமஸ் கெர்டினிடம் படித்த அமீலியா ஹ்யூம், கல்யாணத்துக்குப் பிறகு அமீலியா லாங், கணவருக்குப் பட்டம் கிடைத்ததும் லேடி ஃபார்ன்பரோ. மூன்றும் ஒரே ஆள்தான். அதனால் ஒரு பெயர் பிடித்திருந்தால் முதலில் அவருடைய பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர், பட்டம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

விக்டோரியா மகாராணியின் ஸ்கெட்ச் புத்தகங்களையும் பாருங்கள். மகாராணி ஆயிற்றே என்பதற்காகச் சொல்லவில்லை, ஒரு மாணவி படிப்படியாக முன்னேறுவதை அவற்றில் பார்க்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். 1846இல் ஓவியர் எட்வர்ட் லியர் அவருக்கு 12 பாடம் நடத்தினார், அதே வருஷம் வில்லியம் லெய்டன் லெய்ட்ச் என்ற இன்னொரு ஓவியர் வந்தார், அவர் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவு வேலைக்கு நடுவில் ஸ்காட்லாந்து மலைகளைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருந்திருக்கிறார்.

பிடித்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, போஸ்ட்கார்டு அளவில் பென்சிலால் பார்த்து வரையுங்கள். பார்த்து வரைவது திருட்டு இல்லை. அந்தக் காலத்தில் பாடமே அதுதான், வாத்தியார் ஒரு தாளில் வரைந்து காட்டுவார், மாணவி அதைப் பார்த்து வரைவார், அப்புறம்தான் இருவரும் வெளியே போவார்கள்.

என்னென்ன வேண்டும்

பரீட்சை அட்டை ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே அந்தக் கிளிப் அட்டையே போதும். ஹெச்பி பென்சில் ஒன்று, 2பி ஒன்று. பத்தாம் நம்பர் அளவில் கூர்முனை உள்ள வட்டப் பிரஷ் ஒன்று, சின்னது ஒன்று. இரண்டு பழைய ஜாம் பாட்டில், பழைய வேட்டித் துணி, மூன்று கிண்ணம்.

காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் காகிதம். 300 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு) நீர்வண்ணக் காகிதம் வாங்குங்கள். நான் முதலில் ஏமாந்தது இதில்தான், பார்க்க அழகாக இருக்கிறதே என்று கையால் செய்த பருத்திக் காகிதம் கட்டாக வாங்கிவந்து, முதல் பிரஷ் வைத்ததும் வண்ணம் செய்தித்தாளில் சிந்திய காபி மாதிரி பரவிப்போய், அன்று முழுக்க என் கையில்தான் கோளாறு என்று நினைத்து அழுதேன். கோளாறு காகிதத்தில். பசையேற்றாத காகிதம் தண்ணீரை உறிஞ்சிவிடும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஓவியர்கள் வாட்மன் காகிதத்தைத் தேடித் தேடி வாங்கியதற்குக் காரணம், அது கந்தல் துணியிலிருந்து செய்து மேலே பசையேற்றிய காகிதம், வண்ணம் மேலேயே நிற்கும், தப்பாகிவிட்டால் ஈரத் துணியால் ஒற்றி எடுக்கவும் முடியும். கடையில் கேளுங்கள், பசையேற்றியதா என்று. சொல்லத் தெரியவில்லை என்றால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், அரை நிமிஷம் குமிழாக நின்றால் வாங்கலாம்.

வண்ணத்துக்கு இப்போதைக்கு ஒன்றே ஒன்று, செபியா. கேக்காகவும் (காய்ந்த வண்ணக் கட்டி) கிடைக்கும், டியூபாகவும் கிடைக்கும். செபியா என்பது முதலில் கணவாய் மீன் மையிலிருந்து எடுத்த பழுப்பு, இப்போது வருவது வேறு பொருளில் செய்ததுதான், ஆனால் நிறம் கிட்டத்தட்ட அதே. அந்தக் காலத்துப் பெட்டிகளில் கேக்குகள் கல் மாதிரி இருக்கும், தட்டில் தண்ணீர் விட்டுச் சந்தனம் உரசுவது போல உரசித்தான் வண்ணம் எடுக்க வேண்டும். 1830களில்தான் பிரஷ் பட்டதும் கரையும் ஈரமான கேக்குகள் வந்தன. அது வந்த பிறகுதான் வெளியே உட்கார்ந்து வரைவது இவ்வளவு சுலபமானது.

உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1850இல் பார்பரா லீ ஸ்மித்தும் அவருடைய தோழி பெஸ்ஸி பார்க்ஸும் துணைக்கு யாரும் இல்லாமல் ஐரோப்பாவில் நடைப்பயணம் போனார்கள், இடுப்பை இறுக்கும் கார்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாவாடையைக் குட்டையாக்கி, கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு. நீங்களும் தரையில் சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் உட்காரக் கூடிய உடுப்பில் போங்கள், தொப்பி கட்டாயம்.

எதை வரைவது, எங்கே உட்காருவது

மொட்டை மாடியிலிருந்து தெரியும் தூரத்து மலை, ஏரிக்கரை, கண்மாய், வாய்க்கால் பாலம், எதுவாக இருந்தாலும் சரி, அதில் தூரம், நடு, பக்கம் என்று மூன்று அடுக்கு இருக்க வேண்டும். அட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு நீள்சதுர ஓட்டை வெட்டிக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பார்க்க அழகான இடம் எல்லாம் வரைய அழகாக இருக்காது. நாலா பக்கமும் பள்ளத்தாக்கு விரிகிற வியூ பாயின்ட்டில் பக்கத்து அடுக்கே இருக்காது, கண் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. பத்தடி பின்னால் வந்து, ஒரு மரத்தையோ வேலியையோ ஓரத்தில் சேர்த்துக்கொண்டால் படம் நிற்கும்.

காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் நிழல் மரத்தடியில் சுருண்டுவிடும், எல்லாம் தட்டையாகத் தெரியும்.

பென்சில்

தாளில் முதலில் 5 அங்குலத்துக்கு 7 அங்குலம் ஒரு கட்டம் போடுங்கள், முழுத் தாளையும் நிரப்பப் பார்க்காதீர்கள். பென்சிலைக் கண் உயரத்தில் படுக்கையாகப் பிடித்தால் அது காட்சியை எங்கே வெட்டுகிறதோ அதுதான் தொடுவானம், கண் மட்டக் கோடு. அதைக் கட்டத்தின் நட்டநடுவில் போடாமல் மூன்றில் ஒரு பங்கில் போடுங்கள். அப்புறம் கையை முழுதாக நீட்டிப் பென்சிலை நிறுத்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மலையின் உயரம் பென்சிலில் எவ்வளவு, மரத்தின் உயரம் எவ்வளவு என்று கட்டைவிரலால் அளந்துகொள்ளுங்கள். மலை நாம் நினைப்பதைவிட எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். மனதுக்குள் பெரிதாக இருப்பதால் தாளிலும் பெரிதாக்கிவிடுகிறோம்.

தூரத்துக்கு ஹெச்பி, பட்டும் படாமல். பக்கத்துக்கு 2பி, கொஞ்சம் அழுத்தி. இந்த ஒரு வித்தியாசமே பாதி ஆழத்தைக் கொண்டுவந்துவிடும்.

மரம் வரையும்போது எல்லோரும் இலையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு புளியமரத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், இலை மறைந்து கொத்துக் கொத்தாக ஐந்தாறு உருண்டைகள் தெரியும், ஒவ்வொன்றுக்கும் மேலே வெளிச்சம், அடியில் இருட்டு. அந்த அடி இருட்டை மட்டும் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேயுங்கள். மேல் வெளிச்சத்தை வெறும் தாளாக விட்டுவிடுங்கள். இப்போது விளிம்புக்கு மட்டும் போய், புளிய இலைக்குச் சின்னச் சின்னப் புள்ளிக் கிறுக்கல். வேம்பாக இருந்தால் கீழ்நோக்கி வளைந்த கீற்றுக் கிறுக்கல், தென்னையாக இருந்தால் நடுத்தண்டிலிருந்து ஒரே வீச்சில் வெளியே இழுத்து நுனியில் கையை எடுத்துவிட வேண்டும். விளிம்பில் ஆறு இடத்தில் இலை தெரிந்தால் போதும், மிச்ச இலையைப் பார்ப்பவர் கண் போட்டுக்கொள்ளும். அந்தக் காலத்து வாத்தியார்கள் ஓக்குக்கு ஒரு கிறுக்கல், ஆஷுக்கு ஒரு கிறுக்கல் என்று மரத்துக்கு மரம் தனித்தனியாகப் பழக்கினார்கள். நாம் நம் மரங்களுக்குப் பழகிக்கொள்ளலாம், தினம் ஒரு மரம், பத்து நிமிஷம்.

முதலில் மாறிப்போவதை வரையுங்கள், மலை எங்கேயும் போகாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் குன்னூரில் தேயிலை பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டி. லேடி கேனிங்ஸ் சீட் பக்கம் உட்கார்ந்து அரை மணி நேரமாக ஒரு வேலிக்கம்பத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். “என்ன கண்ணு எழுதுற?” என்றார். “அந்த மலையை வரையறேன் பாட்டி” என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு, “மலையைக் காணமே, கம்பமில்ல இருக்கு. அங்க பாரு, மேகம் ஏறுது, இனி சாயங்காலம் வரைக்கும் மலை தெரியாது” என்றார். பத்து நிமிஷத்தில் அப்படியே ஆனது. அன்றிலிருந்து மேகம், நிழல், ஆள், மாடு எல்லாம் முதலில், கம்பமும் பாறையும் கடைசியில்.

கிளம்பும் முன் தாளின் ஓரத்திலும் படத்துக்குள்ளேயும் பென்சிலால் குறிப்பு எழுதிவிடுங்கள். எட்வர்ட் லியர் தன் ஸ்கெட்ச் முழுக்க இப்படி எழுதித் தள்ளுவார். “தூர மலை, நாவல்பழத் தோல் நிறம்”, “வரப்பு, காய்ந்த வைக்கோல்”, “வெளிச்சம் இடப்பக்கம், மணி 4.50” என்று உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதினாலே போதும். மிச்ச வேலைக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

செபியா, இங்கேதான் நிதானம்

என்னைக் கேட்டால் முழு முறையிலும் முக்கியமானது இதுதான். வண்ணத்துக்கு ஓடாமல் குறைந்தது ஒரு மாதம் இந்தப் பழுப்பு ஒன்றிலேயே இருங்கள். எது வெளிச்சம், எது இருட்டு என்பது கைக்கு வந்துவிட்டால் வண்ணம் பின்னாலேயே வரும், அது வராமல் எத்தனை வண்ணம் போட்டாலும் படம் கலங்கிய சேறாகத்தான் இருக்கும்.

மூன்று கிண்ணத்தில் செபியாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். முதல் கிண்ணம் டீத்தூளை அலசிய தண்ணீர் போல, இரண்டாவது பால் சேர்க்காத டீ போல, மூன்றாவது காபி டிக்காஷன் போல. தேவை என்று நினைப்பதைவிட இரண்டு மடங்கு கரையுங்கள், பாதியில் தீர்ந்து மறுபடி கரைத்தால் அந்த இடத்தில் தழும்பு விழும்.

பரீட்சை அட்டையின் மேல்பக்கம் ஒரு புத்தகம் வைத்து லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பெரிய பிரஷ் நிறைய முதல் கிண்ணத்தை எடுத்து, கட்டத்தின் மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஒரு கோடு. கோட்டின் அடியில் தண்ணீர் மணிமணியாகத் திரண்டு நிற்கும், அதுதான் உயிர். பிரஷை மறுபடி நனைத்து, அந்த ஈர மணியை மட்டும் தொட்டு அடுத்த கோட்டுக்கு இழுங்கள். திரும்ப மேலே போகக் கூடாது. மணி காய்வதற்குள் அடுத்த கோடு, அடுத்த கோடு என்று கீழே வந்துகொண்டே இருங்கள். கீழே வரவர வெளிற வேண்டும் என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் பிரஷில் வண்ணத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் ஒரு துளி சேருங்கள். கடைசியில் தேங்கும் தண்ணீரைப் பிழிந்த பிரஷால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அரை ஈரத்தில் “இங்கே மட்டும் கொஞ்சம்” என்று தொட்டீர்களோ, காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூக்கும், அதை யாராலும் சரிசெய்ய முடியாது. காய்ந்ததா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்க்காதீர்கள், புறங்கையைத் தாளுக்கு அருகில் வையுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம்.

இந்த முதல் பூச்சு, வெள்ளையாக விட வேண்டிய இடங்கள் தவிர எல்லாவற்றின் மேலும் போகலாம். வெள்ளைச் சுவர், தண்ணீரின் பளபளப்பு, மேகத்தின் ஓரம், இவற்றைச் சுற்றிக்கொண்டு போங்கள், தாளின் வெள்ளைக்கு ஈடான வெள்ளை டப்பாவில் கிடையாது.

நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது கிண்ணம். இது தூர மலையைத் தொடாது. நடு அடுக்கில் தொடங்கிப் பக்கம் வரை. அதுவும் காய்ந்த பிறகு சின்ன பிரஷில் டிக்காஷன், பக்கத்து அடுக்கின் நிழலுக்கு மட்டும், மரத்தடி, பாறை இடுக்கு, வேலியின் அடி, அவ்வளவுதான். தூரத்தில் இருப்பது ஏன் வெளிறித் தெரிகிறது என்றால், நடுவில் இருக்கும் காற்றின் ஈரமும் தூசியும் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. தூரம் கூடக் கூட அந்தத் திரை தடிக்கிறது. மூன்று கிண்ணம் என்பது அந்தத் திரைதான்.

எங்காவது இருண்டுவிட்டால், அந்த இடத்தைச் சுத்தமான பிரஷால் நனைத்து, அரை நிமிஷம் விட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். அந்தக் காலத்தவர்கள் காய்ந்த ரொட்டித் துண்டின் உட்பகுதியால் தேய்த்து எடுப்பார்கள், நானும் செய்து பார்த்தேன், நன்றாகவே வருகிறது.

வண்ணம்

ஒரு மாதம் கழித்து மூன்று வண்ணம் வாங்கினால் போதும், இண்டிகோ, லைட் ரெட், கேம்போஜ் மஞ்சள். இண்டிகோ என்பது நம் அவுரிச் செடியின் நீலம், அந்த நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. இப்போது அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வேறு நிறமிகளின் கலவை, வெளிச்சத்தில் நிற்கும் என்பதால் அதுவே நல்லது. பழைய அவுரி நீலம் வெயில் பட்டால் வெளுத்துவிடும், பல பழைய படங்களில் வானம் செம்பழுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுவரில் மாட்டிய படங்களைவிட ஆல்பத்துக்குள் மூடியே கிடந்த படங்களில்தான் நீலம் தப்பித்திருக்கிறது. லைட் ரெட் என்பது மஞ்சள் காவியைச் சுட்டால் வரும் சிவப்பு, நம் செம்மண் நிறம் அப்படியே வரும்.

இண்டிகோவும் லைட் ரெட்டும் சேர்த்தால் மேகச் சாம்பல். இண்டிகோவும் கேம்போஜும் சேர்த்தால் பச்சை, அது பொம்மைப் பச்சையாக அடித்தால் லைட் ரெட் ஒரு துளி விட்டு அடக்குங்கள். மலைக்கு இண்டிகோ மட்டும், முதல் கிண்ண அளவில். பூசும் முறை செபியாவுக்குச் சொன்னதேதான்.

நீர்வண்ணம் கைக்கு ஒத்துவரவே இல்லை என்றால் மரியான் நார்த் என்ற ஆங்கிலேய ஓவியரின் வழி இருக்கிறது. பூச்சித்திரத்தில் தொடங்கி 1860களின் கடைசியில் ஆயில் வண்ணத்துக்கு மாறியவர், அது குடிப்பழக்கம் மாதிரி, பிடித்துக்கொண்டால் விடாது என்று எழுதினார். கையில் டியூபுகளோடு உலகம் சுற்றினார், இடத்திலேயே உட்கார்ந்து தடிமனான காகிதத்தில் சுடச்சுட வரைந்து முடிப்பார். இலங்கையில் களுத்துறையில் போட்டோகிராபர் ஜூலியா மார்கரெட் கேமரன் வீட்டில் தங்கியபோது, கேமரன் அவரைக் காஷ்மீர் கம்பளித் துணி போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்று தலையில் குத்த நிறுத்தி, 96 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் இயல்பாக இருக்கச் சொல்லிப் படம் எடுத்தார். 1877இல் இந்தியா வந்து மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போனார். அவருடைய 800க்கும் மேற்பட்ட படங்கள் கியூவில் அவரே கட்டிக்கொடுத்த கூடத்தில், அவரே அடுக்கிய வரிசையில், 1882இலிருந்து தொங்குகின்றன.

இந்தப் பெண்களை நான் குருவாக வைத்திருக்கிறேன், அதனாலேயே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நார்த் மதுரைக்கு வந்த வருஷம் சென்னை மாகாணம் முழுக்கப் பஞ்சம், லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கேனிங் குன்னூரில் மலை வரைந்துகொண்டிருந்தபோது வடக்கே கிளர்ச்சியும் அடக்குமுறையும் இன்னும் ஓயவில்லை. அவர்கள் படங்களில் பெரும்பாலும் மரம், மலை, கோயில், வானம். அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் இருந்தால் தூரத்தில் ஒரு புள்ளியாக, அளவுக்காக நிற்பார்கள். நாம் அவர்களின் கைத்திறனை எடுத்துக்கொள்வோம், காட்சியிலிருந்து ஆளை விலக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். வயலில் நாற்று நடுகிறவர் இருந்தால் அவரையும் வரையுங்கள், முடிந்தால் அவரிடம் காட்டுங்கள். அந்தப் பாட்டியை அடுத்த தடவை போனபோது வரைந்தேன். முதுகில் கூடையோடு, பக்கத்து அடுக்கில், டிக்காஷன் நிழலில்.

வரைந்ததை என்ன செய்வது

மாட்ட வேண்டாம், ஆல்பத்தில் வையுங்கள். முதல் பத்துப் படம் உங்களுக்கே பிடிக்காது, கிழிக்காதீர்கள். இருபதாவது படம் வந்ததும் முதல் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் கூட வரைய ஒரு தோழி கிடைத்தால் ரொம்ப நல்லது. சார்லட் கேனிங்கின் அக்கா தங்கை உறவிலேயே அப்படி ஒருவர் இருந்தார், கூடப் பிறந்த லூயிசா, லேடி வாட்டர்ஃபோர்ட் என்று பின்னால் பெயர் வாங்கியவர், அவரும் கடைசி வரை வரைந்தார்.

கடைசியாக, கையெழுத்து. மியூசியப் பட்டியல்களைப் புரட்டினால் “பெயர் தெரியாத பெண்” என்று எத்தனையோ படம் வரும். அருமையான மரம், அருமையான வானம், யார் என்று தெரியாது. மனைவி வரைந்தது, மகள் வரைந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் எழுதி வைக்கவில்லை, வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் போன பிறகு படம் மட்டும் மிஞ்சியது. அதனால் ஒவ்வொரு தாளின் பின்னாலும் உங்கள் முழுப் பெயர், ஊர், எந்த இடத்திலிருந்து எந்தத் திசையைப் பார்த்து வரைந்தது, தேதி, மணி எல்லாவற்றையும் எழுதுங்கள். இனிஷியல் போதாது. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நாள்பட ஊறி முன்பக்கம் வந்துவிடும்.